யார் வீட்டுப் பணம்?

"ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் ஆயிரம் குறை கிடக்க, ஆப்பிரிக்க விஞ்ஞானிக்குக் காசு கொடுத்துக் கிருமிப் பாடம் நடத்துவானேன்?" என்று கட்டுரை எழுதிக் கேட்டிருக்கிறார் நண்பர் ஒருவர். கைதட்டல் கிடைத்திருக்கும். விஷயம்தான் இல்லை.

முதலில் கணக்கு. மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆராய ஆப்பிரிக்க, ஆசிய நாட்டவருக்குப் பயிற்சி நல்கை தந்த பெரிய திட்டம் ஃபிளெமிங் நிதி. 2015இல் தொடங்கிய அதற்குப் படியளந்தது பிரிட்டிஷ் அரசு. 2025இல் அதையும் இழுத்து மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். நண்பரின் சட்டைப்பை பத்திரமாகத்தான் இருக்கிறது.

அடுத்தவன் ஊர்க் கிருமிக்குச் செலவழிப்பது மடத்தனம் என்கிறாரே, 2010ஐ நினைவூட்டுகிறேன். கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனமையே முறிக்கும், நியூடெல்லியின் பெயர் தாங்கிய என்டிஎம்-1 நொதி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 'லான்செட்' குழும இதழ் ஒன்று வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆய்வுக்கு நிதி தந்தவர்களில் ஐரோப்பிய ஒன்றியமும் வெல்கம் அறக்கட்டளையும் உண்டு. சென்னைக் கிருமிக்கு எங்கள் பணமா என்று அவர்கள் முரண்டு பிடித்திருந்தால்? டெல்லியில் அன்று கொதித்தவர்களும் நாட்டின் பெயர் கெட்டதற்குக் கொதித்தார்களே தவிர, கிருமிக்காக அல்ல.

உள்ளூருக்கே வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2019இல், பண்ணை விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தர இந்தியா தடை விதித்தது. ஏன்? அம்மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள், அதுவும் பன்றியில். அங்கே பார்க்கத் தெரிந்த ஆள் இருந்ததால் இங்கே எச்சரிக்கை வந்தது. நாளை அப்படியொன்று நைஜீரியாவில் கிளம்பினால் யார் பார்ப்பது? 2019இல் உலகெங்கும் மருந்துக்கு அடங்காத தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். மக்கள்தொகை விகிதப்படி மேற்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் முதலிடம். ஆய்வகம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் ஆள் குறைவு.

ஆஸ்பத்திரிக் குறை நிஜம்தான். அதற்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆப்பிரிக்கரின் பயிற்சியை நிறுத்தினால் இங்கே ஒரு படுக்கைகூட அதிகமாகாது.

ஊர்ப்பற்று அடங்கவில்லை என்றால் நண்பர் தென்காசி சாலை மருந்துக் கடைகளுக்குப் போகட்டும். செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கட்டுரையை எழுதட்டும்.