ஊழியர் என்னும் சொல்

நெய்வேலி நகரியத்தில் ‘ஊழியர்’ என்றால் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்; அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் ‘ஊழியக்காரர்’ என்றால் பிரசங்கம் செய்யும் போதகர். பழைய தமிழ் வேதாகமத்தில், மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இச்சொல் நிற்குமிடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘டூலோஸ்’, அதாவது உரிமையற்ற அடிமை. முதன்மையை விரும்புபவர் எல்லாருக்கும் அடிமையாகட்டும் என்ற போதனையில் பிறந்த சொல், இன்று சுவரொட்டிகளில் பெயருக்கு முன் அச்சாகும் பட்டமாகிவிட்டது வேதனைக்குரியது.

முதன்மை பணியிலிருந்தே வர வேண்டும் என்ற இக்கருத்தை அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் நிர்வாகவியலுக்குக் கொண்டுவந்து, பிறருக்குப் பணிசெய்யும் விருப்பத்திலிருந்தே தலைமை பிறக்க வேண்டும் என்றார். ஆனால் அதன் கடினமான பக்கத்தை அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே சுட்டிக்காட்டியவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1909இல் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகச் சென்றார்; சிங்கரேணி நிலக்கரிக்கான ரயில் பாதை பிரியும் சந்திப்பு அது. மறு ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனரிகள் ஏழைகளுக்காக உடைமைகளையும் உடலையும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இந்தியர் கேட்பது அவர்களுடைய நட்பையும்தான் என்று அரங்கிலிருந்தோர் முகம் சுளிக்கும்படி வெளிப்படையாகச் சொன்னார். கொடுப்பவர் மேலே நின்றபடியே எவ்வளவும் கொடுக்கலாம். நட்புக்கோ அவர் கீழே இறங்கி, எதிரிலிருப்பவர் தன்னைத் திருத்தவும் மறுக்கவும் இடம்தர வேண்டும். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான பிறகும் அசரியா தன் காலத்தைப் பெரிதும் செலவிட்டது, மாலா, மாதிகா மக்கள் வாழ்ந்த தெலுங்குக் கிராமங்களில்தான்.

நட்பு என்ற அந்த அளவுகோல் நெய்வேலிக்கு மிகவும் பொருந்தும். 1956இல் நிறுவனம் உருவானபின் வட்டம் வட்டமாக எழுந்த இந்நகரியத்தில், குடியிருப்பின் வகையைச் சொன்னாலே வேலையின் படிநிலை தெரிந்துவிடும். நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையிலான தூரமோ இன்னும் பெரிது. ஆராதனையில் இவர்கள் ஒரே பலிபீடத்தின் முன் முழந்தாளிடுகிறார்கள் என்பது உண்மையே, அது சிறிய காரியமுமன்று. எனினும் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைக் கூர்ந்து பார்த்தால் ஓர் இடறல் தெரியும்: தெரிந்தெடுக்கப்பட்ட பன்னிருவரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய கால்களுடன் வந்து அமர்கிறார்கள், குருவானவரின் துண்டில் அழுக்குப் படிவதே இல்லை. யோவான் 13ஆம் அதிகாரத்தின் பாதங்கள் அன்றைய வீதியின் புழுதியோடு வந்தவை. இவ்வூரில் அப்புழுதிக்கு நிகரானது சுரங்கத்திலிருந்து திரும்பும் காலில் ஒட்டியிருக்கும் கரித்தூள்.

ஆகவே ஒரு சபையின் பணிவை, தலைவர் கைகூப்பும் விதத்திலோ கிறிஸ்துமஸுக்கு வழங்கும் அரிசிப் பைகளிலோ தேடுவதைவிட, அதன் குழுக் கூட்டத்தில் தேடுவதே சரியான முறை: சந்தா கட்ட முடியாதவருக்கு அங்கே வாக்கு உண்டா, ஒப்பந்தத் தொழிலாளி பொருளாளரிடம் கணக்குக் கேட்டால் பதில் வருகிறதா, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவரும் வரக்கூடிய நேரத்தில் அக்கூட்டம் வைக்கப்படுகிறதா என்று.