பால்கனி கதவு பூட்டு சிக்கிக்கொண்டதா? பூட்டோடு மல்லுக்கட்டாதீர்கள்... கதவைத் தூக்குங்கள்!

காலை 8 மணி. கோரிமேட்டில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஜிப்மரில் டூட்டிக்குக் கிளம்பும் மகன் ஒருபக்கம் பரபரக்க, துவைத்த துணி வாளியோடு பால்கனி ஸ்லைடிங் கதவு முன்னால் நிற்கிறார் அம்மா. பூட்டின் குமிழ் இறங்கவே மாட்டேன் என்கிறது. மகன் வந்து இழுத்துப் பார்க்கிறார். கைப்பிடி ஆடுகிறதே தவிர, கதவு அசையவில்லை. அடுத்து, சுத்தியலைத் தேடுகிறார்கள்.

சுத்தியலை எடுக்கும் முன் ஒரு நிமிடம். பெரும்பாலான நேரங்களில் கெட்டுப்போனது பூட்டு அல்ல... இறங்கிப்போனது கதவு!

ஏன் சிக்குகிறது?

ஸ்லைடிங் கதவின் பூட்டுக்குள் இருப்பது ஒரு சின்னக் கொக்கி. குமிழைத் திருப்பினால் அது வெளியே வந்து, ஃபிரேமில் இருக்கும் பிளேட்டின் துளையில் மாட்டிக்கொள்ளும். கதவின் மொத்த எடையையும் தாங்குவது அடியில் உள்ள குட்டி வீல்கள். அவை தேய்ந்தாலோ, டிராக்கில் மண் சேர்ந்தாலோ கதவு சில மில்லிமீட்டர் சாயும். அவ்வளவு போதும். கொக்கி துளையின் விளிம்பில் இறுகிவிடும்.

கோரிமேடு செம்மண் மேட்டுப் பகுதி. காற்றில் வரும் புழுதி நேராக டிராக்கில்தான் படியும். போதாததற்கு உப்புக்காற்று, பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மெல்ல அரிக்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கொட்டியது போன்ற மழை வந்தால், டிராக்கில் தேங்கும் சேறு காய்ந்து கல்லாகிவிடும்.

திறப்பது எப்படி?

1. எதிர்ப்பக்கம் தள்ளுங்கள்: திறக்கும் பக்கம் இழுத்தால் கொக்கி இன்னும் இறுகும். கதவை மூடும் பக்கமாக அழுத்திப் பிடியுங்கள். அதே நேரத்தில் கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேல்நோக்கித் தூக்குங்கள். இன்னொருவர் குமிழைத் திருப்பட்டும். பல கதவுகள் இதிலேயே திறந்துவிடும்.

2. டிராக்கைச் சுத்தம் செய்யுங்கள்: பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைக் கிளறி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கதவின் அடியில் தனித் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தைகள் காலால் தட்டி மாட்டியிருக்கலாம்.

3. ஸ்பிரே அடியுங்கள்: குமிழின் இடுக்கிலும் கொக்கி மாட்டும் இடைவெளியிலும் துரு நீக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, 10 நிமிடம் விட்டுத் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். புழுதியை இழுத்துப் பசையாக்கிவிடும்.

4. கைப்பிடியைக் கழற்றுங்கள்: உள்பக்கம் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால், பூட்டைத் திருப்பும் துளை தெரியும். அதில் தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு மெதுவாகத் திருப்புங்கள். கொக்கி அசைந்தால் பழுது கைப்பிடியில்தான். அதை மட்டும் மாற்றினால் போதும். துளை சுற்றியும் கொக்கி அசையவில்லை என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அலுமினியம் ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவரை அழைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

கண்ணாடி விளிம்பில் கடப்பாரையோ ஸ்க்ரூடிரைவரோ வைத்து நெம்பக் கூடாது. டஃபன்டு கண்ணாடியின் விளிம்பில் ஓர் அடி பட்டால், மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கதவைத் தனியாளாகக் கழற்றவும் வேண்டாம். 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 12.5 கிலோ எடை. ஏழு அடி உயரக் கதவில் கண்ணாடி மட்டுமே 25 கிலோவைத் தாண்டலாம்.

திறந்த பிறகுதான் முக்கிய வேலை

கதவு திறந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் சிக்கும். கதவின் அடிப்பக்க ஓரத்தில், சிலவற்றில் பிளாஸ்டிக் மூடிக்குள், வீலை உயர்த்தும் ஸ்க்ரூ இருக்கும். கால் சுற்று திருப்பிப் பாருங்கள். கதவு உயர்கிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். கொக்கி துளைக்கு நேராக வரும்வரை சரிசெய்யுங்கள். பூட்டை மாற்றுவதென்றால் பழையதையே கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி ஒத்துப்போக வேண்டும். கடலோர ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வெளியே மாட்டிக்கொண்டால்?

உள்ளேயிருந்து திறக்க முடியாவிட்டால் துணி காயாது, அவ்வளவுதான். வயதானவர் பால்கனியில் நிற்கும்போது கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் கதையே வேறு. மதிய வெயிலில் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டார். எனவே, பால்கனிக்குப் போகும்போது செல்போன் கையில் இருக்கட்டும். குமிழ் லூஸாக இருந்தால், சரிசெய்யும்வரை கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். வாசல் கதவின் மாற்றுச் சாவி, நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

மாட்டிக்கொண்டவர் பக்கத்து பால்கனிக்குத் தாவ நினைக்கவே கூடாது. குரல் கொடுங்கள், 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கதவை உடைத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை டிராக்கைத் துடைக்க 5 நிமிடம் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாமே!