சிவனுக்கு ஒரு மீன்

கோடை விடுமுறை வந்துவிட்டால், குடும்பத்தோடு காரில் ஆலய தரிசனத்துக்குப் புறப்படுவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. முன்னாளில் கட்டுச்சோற்று மூட்டையோடு வண்டி பூட்டிச் சென்றவர்கள், ஒரு தலத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, திருக்குளத்தில் நீராடி, காலையும் மாலையும் சுவாமியைத் தரிசித்துத் திரும்பினார்கள். இன்று வாகனம் விரைந்து செல்கிறது. விரைவு கூடியதால் தரிசிக்கும் தலங்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. ஒவ்வொரு சந்நிதியிலும் நிற்கும் நேரந்தான் குறைந்துவிட்டது.

சென்னையில் ஒரு குடும்பம். மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, எட்டாம் வகுப்பு முடித்த பேரன், இவர்களோடு 76 வயதுப் பாட்டியார். பாட்டியார் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். மணமாகிச் சென்னை வந்தபின், பெற்றோர் இருந்தவரை சில முறை போய் வந்தார். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு வாய்க்கவில்லை.

இந்தக் கோடையில் நாகைக்குப் போவதென்று முடிவாயிற்று. மகன் ஒரு தாளை எடுத்துத் திட்டம் எழுதினார். சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன் கோயில், திருக்கடையூர், திருநள்ளாறு, நாகையில் இரண்டு ஆலயங்கள், சிக்கல், எட்டுக்குடி, திருவாரூர், வேதாரண்யம் என மூன்று நாளில் பதினொரு ஆலயங்கள். அம்மாவுக்குப் புண்ணியமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த பட்டியல்தான் அது.

தாளைப் படித்த பாட்டியார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முழங்கால் முன்போல் இல்லையப்பா. நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். குரலில் வருத்தம் தெரியவில்லை. ஆகவே மகனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பேத்தி மட்டும் அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். முதல் நாள் விடியற்காலை சென்னையில் புறப்பட்டு, ஐந்து தலங்களைத் தரிசித்துவிட்டு, நாகைக் காயாரோகணத்துக்குப் போய்ச் சேரும் நேரம் இரவு எட்டரை. அதன் எதிரே, 'அரை மணி' என்று எழுதியிருந்தது. பாட்டியார் பிறந்த ஊருக்கு, நாள் முழுவதும் அலைந்து களைத்தபின் எஞ்சிய அரை மணி!

இரவு பாட்டியாருக்குக் காலில் தைலம் தடவிவிடும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "நாகப்பட்டினம் போக உங்களுக்கு ஆசையே இல்லையா பாட்டி?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு பாட்டியார் சொன்னார்: "சுனாமி வந்த அன்றைக்குத் தொலைக்காட்சியில் அந்தக் கடற்கரையைப் பார்த்தேன். நான் விளையாடிய மணல் அது. ஒரு முறையாவது அங்கே போய் நின்று, போனவர்களுக்காக வேண்டிக்கொண்டு வரவேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? என்னால் எல்லாருக்கும் சிரமம்."

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்தில் வேறெங்கும் காட்டிலும் நாகை மாவட்டத்தைத்தான் மிகக் கொடுமையாகத் தாக்கியது. 6,000-க்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். அன்று மனத்தில் எழுந்த வேண்டுதலை அந்த முதியவர் இத்தனை ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை அந்த இல்லம் அன்றுதான் அறிந்தது.

தலத்தின் பெருமை

நாகைக் காயாரோகணம் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்ற தலம். புண்டரீக முனிவருக்கு இறைவன் உடலோடு முத்தி அருளிய இடமாதலால் காயாரோகணம் என்னும் பெயர் அமைந்தது என்பது தல வரலாறு. ஏழு விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. இங்கே தியாகேசர் சுந்தர விடங்கர். அவர் ஆடுவது பாராவார தரங்க நடனம். கடலலை எழுந்து எழுந்து அடங்குவது போன்ற ஆட்டம் அது. கடற்கரைத் தலத்துக்கு எத்துணைப் பொருத்தம்!

அன்னை நீலாயதாட்சி. நீண்ட கருவிழியாள் என்பதால் தமிழில் கருந்தடங்கண்ணி. காசி விசாலாட்சி, காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி என்று சொல்லும் வரிசையிலேயே நாகை நீலாயதாட்சியையும் வைத்துப் போற்றுவது மரபு. ஆடிப்பூரம் இந்த அன்னைக்கு உரிய பெருவிழா.

அதே ஊரில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். திருமங்கையாழ்வார் அழகில் மயங்கிப் பாடிய திவ்ய தேசம் இது. நின்றும், இருந்தும், கிடந்தும் மூன்று கோலங்களிலும் பெருமாளை இங்கே சேவிக்கலாம்.

சோழர் காலத்தில் நாகை பெருந்துறைமுகம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்கு முதலாம் இராஜராஜ சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்ததைச் செப்பேடு சொல்கிறது. சைவத்தில் ஊறிய மன்னர் பிற சமயத்தாரின் பள்ளிக்கும் கொடை தந்த வரலாறு அது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்குச் சூடாமணி விகாரம் நினைவிருக்கும். நாகையில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பயணத்துக்கு முன்பே ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டினால், ஊரில் இறங்கும்போது அது அவர்களுக்கு முன்பே அறிந்த ஊராகிவிடும்.

இவை யாவற்றினும் நெஞ்சில் நிற்பது அதிபத்த நாயனாரின் வரலாறு. நாகையின் நுளைப்பாடியில் பரதவர் குலத் தலைவராக விளங்கியவர் அவர். வலையில் எத்தனை மீன் விழுந்தாலும் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே கிடைக்கலாயிற்று. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டுவிட்டு, சுற்றத்தோடு பசியால் மெலிந்தார். பின்னொரு நாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற மீன் ஒன்று வலையில் வந்தது. வறுமையைப் போக்கும் செல்வம் என்று எல்லாரும் மகிழ, அதிபத்தர் அதையும் சிவனுக்கே ஆகட்டும் என்று கடலில் விட்டார். அக்கணமே இறைவன் காட்சி தந்து ஆட்கொண்டான். ஆவணி ஆயில்யம் அவருடைய குருபூஜை நாள்.

மாறிய திட்டம்

மறுநாள் காலை பேத்தி தந்தையிடம் தாளை நீட்டினாள். "அப்பா, அதிபத்தர் எஞ்சிய மீனையா சிவனுக்குக் கொடுத்தார்? நாம் அம்பாளுக்கும் பாட்டிக்கும் களைத்துப்போன அரை மணியைத்தானே எழுதியிருக்கிறோம்" என்றாள்.

மகன் பாட்டியாரின் எதிரே தரையில் அமர்ந்தார். "அம்மா, நீங்கள் வராவிட்டால் இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்கு அங்கே யார் சொல்வார்கள்? எனக்கே பாதிதான் தெரியும். உங்களுக்கு எது முடியும், எது முடியாது என்று சொல்லுங்கள். நானே எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அதன்பின் எழுந்த திட்டம், முதியோரோடு பயணம் செய்யும் எந்தக் குடும்பத்துக்கும் பயன்படக்கூடியது.

முதலாவது, நாள். அக்கினி நட்சத்திரம் சித்திரை 21-ல் தொடங்கி வைகாசி 14 வரை நீடிக்கும். அதற்கு முன்பாகவே, சித்திரை முற்பகுதியில் பயணம் என்று முடிவாயிற்று.

இரண்டாவது, வழி. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விடியுமுன் நாலரைக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதிக்கு மேல் கடந்துவிடலாம். வழியில் சிதம்பரத்தில் மட்டும் காலைத் தரிசனம். மற்றத் தலங்களைக் காரிலிருந்தே கைகூப்பி வணங்கிச் செல்வது. அவற்றுக்கென்று பிறிதொரு முறை வருவது.

மூன்றாவது, உடல்நிலை. முன் இருக்கை பாட்டியாருக்கு. அங்கேதான் காலை நீட்ட இடம் கிடைக்கும். இரண்டு மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திச் சற்று நடக்கவேண்டும். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டால் வீக்கம் காணும். கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீர் குடிக்காமலிருப்பது முதியோர் பலரின் வழக்கம். கோடையில் அது பெருந்தீங்கு. மோரும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், தரிசனம் முடியட்டும் என்று வெறும் வயிற்றோடு காத்திருத்தல் ஆகாது. மருந்துகளும் மருத்துவரின் சீட்டும் கைப்பையிலேயே இருத்தல் நலம்.

நான்காவது, தங்குமிடம். மூன்று இரவுகளும் நாகையிலேயே, தரைத்தளத்து அறையில். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் இல்லை. ஆலயங்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கின்றன. அந்த இடைநேரம் முழுவதும் உறக்கத்துக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கப்பட்டது. வெயிலில் காய்ந்த பிராகாரக் கற்களில் வெறுங்காலோடு நடக்கும் துன்பமும் இதனால் நீங்கியது.

இனி தரிசனம். முதல் நாள் பகல் ஓய்வு. மாலையில் ஊரை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது. இரண்டாம் நாள் விடியற்காலை, உடல் தெளிவாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கும் வேளையில், நீலாயதாட்சி சந்நிதி. அங்கே கடிகாரம் பார்ப்பதில்லை என்று பேரன் தானே எழுதினான். மாலையில் சௌந்தரராஜப் பெருமாள். மூன்றாம் நாள் காலை, அருகிலுள்ள சிக்கல். அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் சிங்காரவேலவர் வேல் வாங்கிய தலம் அது. மாடக்கோயில் ஆதலால் படியேற வேண்டியிருக்கும். "பார்த்துக்கொண்டு ஏறுகிறேன். முடியாவிட்டால் கீழே இருந்தே கும்பிடுகிறேன், வேலவன் கோபித்துக்கொள்ள மாட்டான்" என்றார் பாட்டியார். நான்காம் நாள் காலை வீடு திரும்புதல்.

பதினொன்று நான்காகக் குறைந்துவிட்டது. மகன் தாளை மடிக்கப் போனபோது பாட்டியார் பென்சிலை வாங்கி, மூன்றாம் நாள் மாலைக்கு நேரே தம் கையால் ஒரு வரி எழுதினார்: 'கடற்கரை. எல்லாரும்.'

பிள்ளைகள் அலையில் இறங்காமல் அருகிலேயே நிற்கவேண்டும் என்றும், வீட்டிலிருந்து கொஞ்சம் மலர் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார். அதிபத்தர் பிறந்த குலத்தவர்தாம் அன்று அலையில் மிகுதியாகப் போனவர்கள் என்றும் பேரனுக்கு எடுத்துச் சொன்னார்.

பிள்ளைகளுக்குச் சிரமம் தரக்கூடாது என்று ஒதுங்கிக்கொள்வதைத் தியாகம் என்று முதியோர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதிபத்தர் தம்மிடம் இருந்த சிறந்த ஒன்றைக் கொடுத்தார்; மறைத்து வைக்கவில்லை. முதியோரிடம் இருப்பது தலங்களின் கதையும், தாம் வணங்கிய வணக்கமும். அவற்றைச் சந்நிதியில் நின்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதே அவர்கள் விடவேண்டிய மீன். இளையோரிடம் இருப்பது நேரம். நாளின் நல்ல வேளையை இறைவனுக்கும் பெற்றோருக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு எஞ்சியதைப் பங்கிடுவதே அவர்கள் விடவேண்டிய மீன்.

அந்தத் தாள் இப்போது பூஜையறையில், விளக்கின் அருகே இருக்கிறது. பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பாட்டியாரின் கைப்பை நேற்றே கட்டிவைக்கப்பட்டுவிட்டது.