வலிக்காத நோய், மறந்துபோகும் மாத்திரை

காய்ச்சல் மாத்திரையை யாரும் மறப்பதில்லை. உடம்பு சுடுகிறது, விழுங்கினால் தணிகிறது. இரத்தக் கொதிப்போ அப்படியன்று.

மருத்துவர் சொல்லும் 140 என்பது, 140 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே அதே அழுத்தம் நீரை ஏறத்தாழ 190 செ.மீ. ஏற்றிவிடும், ஓர் ஆள் உயரத்துக்கும் மேல்!

இவ்வளவு அழுத்தம் இரத்தக்குழாய்ச் சுவரைத் தள்ளியும் நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. குறைந்தாலும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் மாத்திரையால் சிலருக்கு வரும் தலைசுற்றல், கால்வீக்கம், காசுச் செலவு, மருத்துவமனை வரிசை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் நிறுத்திவிடுவதில் வியப்பென்ன? பக்கவாதமோ சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளுள் சராசரியாகப் பாதிப்பேர்தான் மருந்தை முறையாக உட்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் அறிவித்தது. எனவே இதைச் சோம்பல் என்று ஏசுவது நியாயமன்று. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு சென்றது. வரிசையில் நிற்கும் தொல்லை அதனால் குறையும். உணராத நோயை நம்பவைப்பது எப்படி?

அங்கேதான் உங்களுக்கு வேலை. தாத்தா பாட்டியின் இரத்த அழுத்தத்தை அளக்கும்போதெல்லாம் தேதியிட்டு வரைபடத்தாளில் குறியுங்கள். கோடு ஏறுவதையும் இறங்குவதையும் அவர்களிடம் காட்டுங்கள். மாத்திரை தொல்லை தந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் வேறு மருந்து தருவார்.