கோப்பை பிறகு, முதலில் கிளப் நிலைக்கட்டும்

ஆருத்ரா தரிசனத்துக்கு ஊருக்கு வந்த பேரன் கேட்டான்: "தாத்தா, நம்ம கிளப் ஒண்ணு ஆசியக் கோப்பை ஜெயிக்குமா?"

2019-இல் கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் வென்றது. அடுத்த ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. ஆட்டம் நடந்ததோ அகமதாபாத்தில். பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றோம். இன்று தேசிய லீக்கில் அந்த அணியே இல்லை.

துருக்கியின் கலாடசராய் 1905-இல் பள்ளி மாணவர்கள் தொடங்கிய கிளப். ஆர்சனலை பெனால்டியில் வீழ்த்தி யூஇஎஃப்ஏ கோப்பையைத் தூக்கியது 2000-இல். இடையில் 95 வருஷம்!

'மண் முந்தியோ, மங்கை முந்தியோ' என்று பழமை பேசும் ஊர்க்காரன் நான். பேரனிடம் சொன்னேன்: "ஜெயிக்கும்டா. ஆனா முதல்ல கிளப் மூடாம இருக்கணும்."