நெஞ்சுவலி எல்லாம் மாரடைப்பு அல்ல

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜான் ரிட்டர் 2003 செப்டம்பர் 11ஆம் தேதி படப்பிடிப்பின்போது திடீரென உடல்நலம் குன்றினார். மாரடைப்பு என்று கருதி மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். உண்மையில் அவருக்குக் கிழிந்திருந்தது பெருந்தமனி. அன்றிரவே அவர் உயிர் பிரிந்தது. 55ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள்களே இருந்தன.

இதயத்திலிருந்து புறப்பட்டு உடல் முழுவதற்கும் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் மிகப் பெரிய குழாய்தான் பெருந்தமனி. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உள் அடுக்கில் கிழிசல் விழுந்தால், ரத்தம் அதற்குள் பாய்ந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். இதயத்தை ஒட்டிய பகுதியில் இது நேர்ந்தால் அவசர அறுவை சிகிச்சை தேவை. அது கிடைக்காவிட்டால், முதல் இரண்டு நாள்களில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரிழக்கும் அபாயம் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு கூடுகிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

அப்படியானால் நேரம் எங்கே வீணாகிறது?

முதலில் நம் வீட்டில். "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சொல்லிக் கோடாலித் தைலம் தேய்க்கிறோம், இஞ்சித் தண்ணீர் கொடுக்கிறோம். வலி சற்றுத் தணிந்ததும் படுத்துவிடுகிறோம். இந்த வலி இடையில் தணியக்கூடும். ஆபத்து தணிந்துவிட்டதாகப் பொருளில்லை.

அடுத்து வழியில். மகன் வேலையிலிருந்து வந்து காரில் அழைத்துப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினை நாமாகக் கொடுக்காமல், தொலைபேசியில் பேசுபவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, அவசரப் பிரிவில். பெருந்தமனிக் கிழிசல் அபூர்வமானது. மாரடைப்போ அன்றாடம் வருவது. இசிஜி, மார்பு எக்ஸ்ரே இரண்டும் சிலருக்கு இயல்பாகவே இருக்கலாம். மாரடைப்புக்குக் கொடுக்கும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, கிழிசல் உள்ளவருக்கு ரத்தப்போக்கை மோசமாக்கும். உறுதிசெய்யப் பெரும்பாலும் சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன் தேவை. அதை எடுக்கலாம் என்று மருத்துவருக்குத் தோன்றுவதற்கான துப்பு, பல நேரங்களில் நோயாளியும் உடன் வந்தவரும் சொல்வதில்தான் இருக்கிறது.

ஆகவே "நெஞ்சு வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது? எடுத்த எடுப்பிலேயே தாங்க முடியாத உச்சத்தில் இருந்ததா? கிழிப்பதுபோல, குத்துவதுபோல இருந்ததா? நெஞ்சிலிருந்து முதுகுக்கோ வயிற்றுக்கோ இடம் மாறியதா? மயக்கம் வந்ததா? பேச்சு குழறியதா? கையோ காலோ திடீரென மரத்துப்போனதா? இவற்றில் எது இருந்தாலும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குடும்ப வரலாற்றையும் சொல்லுங்கள். ரத்த உறவில் யாருக்காவது பெருந்தமனி வீக்கமோ கிழிசலோ இருந்ததா, இளவயதில் யாராவது காரணம் தெரியாமல் திடீரென இறந்தார்களா என்பது முக்கியமான தகவல். மார்பன் நோய்க்குறி போன்ற மரபுவழிக் கோளாறு இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். "அயோர்ட்டா பிரச்சினையாக இருக்குமா, டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

ரிட்டரின் மறைவுக்குப் பிறகு அவருடைய சகோதரருக்கும் பெருந்தமனி வீக்கம் இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவர் தப்பினார்.

கிழிசலுக்கு முக்கியக் காரணம் கட்டுப்பாட்டில் இல்லாத உயர் ரத்த அழுத்தம். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடும் அப்பாக்களும் அத்தைகளும் நம்மில் பலர் வீட்டில் உண்டு. இந்த வார இறுதியில் அவர்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் குடும்ப நோய் வரலாற்றையும் உங்கள் கைப்பேசியில் குறித்து வையுங்கள். பதற்றமான நேரத்தில் நினைவை நம்ப முடியாது.