தண்ணீருக்குக் காசு கேளுங்கள், கணக்கும் காட்டுங்கள்

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றி வேட்பாளர்கள் வாய் திறப்பதில்லை. தெருவுக்குத் தெரு குழாய் போடுகிறேன், மேல்நிலைத் தொட்டி கட்டுகிறேன் என்பார்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வரும், பத்து வருஷம் கழித்து மோட்டார் எரிந்தால் மாற்றுவதற்கு யார் கொடுப்பார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மக்களிடம் காசு கேட்டால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், நான் ஆலந்தூரைச் சேர்ந்த நங்கநல்லூர்க்காரி. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில் இங்கே பாதாளச் சாக்கடை எப்படி வந்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள்.

1996இல் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரானார். சென்னையை ஒட்டியே இருந்தாலும், சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் இருந்த அந்த ஊரில் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லாரிக்காரர் தடித்த ரப்பர் குழாயை வாசல் வழியாகக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தப்படும். டேங்கில் கசிந்தது எங்கே போகும்? பத்தடி தள்ளி இருக்கும் கிணற்றுக்குத்தான். மழைக்காலத்தில் எங்கள் கிணற்றில் வாளியை இறக்கவே கூசும்.

திட்டத்துக்குச் சுமார் 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. நகராட்சியிடம் அவ்வளவு ஏது? அரசாங்கம் தரட்டும் என்று மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பல ஊர்கள் அதைத்தான் செய்தன. ஆலந்தூரில் வேறு மாதிரி செய்தார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் முன்பணம் என்று அறிவித்தார்கள். இணைப்பு வந்த பிறகு வீடுகளுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம். ஒரு குழாய்கூட மண்ணுக்குள் இறங்காத நேரத்தில் இந்தப் பணம் கேட்கப்பட்டது. அன்றைக்குப் பல குடும்பங்களில் 5,000 என்பது ஒரு மாத வருமானம்.

குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் எங்கள் தெருவில் நானும் வீடு வீடாகப் போனேன். முனையில் இருந்த மளிகைக் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அக்கா, நகராட்சிக்குக் கட்டின காசு யாருக்காவது திரும்பி வந்து பாத்திருக்கீங்களா?" நியாயமான கேள்வி. நான் அரசுத் தணிக்கையில் வேலை பார்த்தவள், பணம் எப்படித் தலைப்பு மாறிப் போகும் என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். திட்டத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, சம்பளத்துக்கும் டீசலுக்கும் இந்தப் பணத்தைத் தொட முடியாது என்று மட்டும் சொன்னேன். ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அவர் கட்டினார். ஊரும் அப்படித்தான் கட்டியது, முணுமுணுத்துக்கொண்டே.

அந்த முன்பணத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தமிழ்நாட்டில் 1988இலேயே உலக வங்கி உதவியோடு நகராட்சிகளுக்குக் கடன் கொடுக்கும் நிதியம் ஒன்று தொடங்கப்பட்டது. 1996இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாறியது. கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது திருப்பிக் கட்டும் தெம்பு. ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய அத்தாட்சி ஒரு நகராட்சியால் காட்ட முடியாது. கடன் வந்தது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு தனியார் நிறுவனம் தன் சொந்த முதலீட்டில் கட்டி, சில ஆண்டுகள் நடத்திவிட்டு ஒப்படைப்பது என்று ஏற்பாடானது. தி.மு.க. ஆட்சியில் ஆரம்பித்த வேலை அ.தி.மு.க. ஆட்சியில் முடிந்தது. ஆட்சி மாறினால் திட்டம் கிடப்பில் போகும் இந்த மாநிலத்தில் அது எப்படித் தப்பியது என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான். அதில் ஊர்க்காரர்களின் சொந்தக் காசு இருந்தது. நிறுத்தினால் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பார்கள்.

தனியாகக் கடன் வாங்கத் தெம்பில்லாத சிறிய ஊர்களுக்கும் அப்போதே ஒரு வழி கண்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். எந்த ஊரும் தனியாகப் போயிருந்தால் சந்தையில் சீந்த ஆளிருந்திருக்காது. இதையெல்லாம் வடிவமைத்த அதிகாரிகளின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. தலைமை என்று நான் சொல்வது இந்த வேலையையும் சேர்த்துத்தான். கல்வெட்டில் பெயர் பொறிப்பவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தண்ணீரைச் சேமிக்கிற கதைக்கு வருகிறேன். 2003இல் ஜெயலலிதா அரசு, ஆகஸ்ட் 31க்குள் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று அவசரச் சட்டம் போட்டது. குடிநீர் வழங்கல் துறைச் செயலராக இருந்த சாந்தா ஷீலா நாயர் இடைவிடாமல் அதன் பின்னால் நின்றார். ஊரே குழி வெட்டியது. கிணறுகளில் நீர் மட்டம் ஏறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பிறகு? குழியில் மணலும் ஜல்லியும் அடைத்துப் போனதா, மொட்டை மாடிக் குழாய் இன்னும் குழியோடு சேர்ந்திருக்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க ஆளும் இல்லை, அதற்கு ஒரு நிதி ஒதுக்கீடும் இல்லை. போட்டதைக் காப்பாற்றப் பணம் வைக்காத திட்டத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்தது. தொலைக்காட்சிகள் முழுக்க அதுதான். ஆனால் அதே ஆண்டில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர், அதாவது பதினெட்டு ரயில். மணலித் தொழிற்சாலைகள் 1990களின் தொடக்கத்திலேயே சென்னைக் குடிநீர் வாரியத்திடமிருந்து கழிவுநீரைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டன. ஒரு லிட்டர் கழிவுநீர் ஆலைக்குப் போனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வீட்டுக்கு மிஞ்சும். ஆனால் பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் எந்தக் கழிவுநீரைத் திரட்டிச் சுத்தம் செய்ய முடியும்? ஆலந்தூரில் நாங்கள் கட்டிய 5,000 ரூபாயின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது அந்த வறட்சியில்தான்.

ஏழைகள் என்ன செய்வார்கள் என்று உடனே கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். ஆனால் இப்போதைய ஏற்பாடு ஏழைக்கு எந்த வகையில் நல்லது? சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் இல்லை. யார் எவ்வளவு எடுத்தாலும் வீட்டுக்கு ஒரே கட்டணம். கார் கழுவித் தோட்டத்துக்கும் விடுகிற வீட்டுக்கு அது ஆதாயம். குழாயில் தண்ணீர் வராத தெருவில் இருப்பவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்காகத் தூங்காமல் காத்திருக்கிறார், அவருடைய ஒரு நாள் கூலி போகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. அதுவரை மிகக் குறைந்த விலைக்குக் கொடுங்கள், இல்லாதவர்களுக்கு இலவசமாகவே கொடுங்கள். அதற்கு மேல் எடுப்பவரிடம் அளந்து வாங்குங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற ஊர் இது. அளக்காத இடத்தில் எது கசிவு, எது திருட்டு என்று எந்தத் தணிக்கையாளராலும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் கோப்பு புரட்டியவள் சொல்கிறேன்.

2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. நாங்கள் அன்று போட்ட குழாய்களுக்கும் வயதாகிறது. அவற்றை மாற்றும் செலவு பெரியது. அதை ஒரே வருஷ பட்ஜெட்டில் யாராலும் சமாளிக்க முடியாது. இன்றைக்கே மாதம் கொஞ்சம் ஒதுக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்காக எங்களிடம் கூடுதலாகக் கேட்டால் நான் கட்டுவேன், என் தெருவையும் கட்டச் சொல்வேன். பதிலுக்கு வேண்டியது, வசூலானது எவ்வளவு, பழுதுபார்க்கச் செலவானது எவ்வளவு, குழாய் மாற்றும் நிதியில் இருப்பு எவ்வளவு என்ற மூன்று தொகைகள் மாதாமாதம் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதற்குத் தனிச் சட்டம் வேண்டாம், உலக வங்கி வேண்டாம். ஒரு எழுத்தரும் ஒரு தாளும் போதும். கவுன்சிலர் நினைத்தால் வருகிற முதல் தேதியிலிருந்தே தொடங்கலாம்.